தலைகீழாக மாட்டிய தாள்

லோகோ செய்து தரும் தொழிலில் பதினாறு வருடம் இருந்தால் கோபம் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு உட்கார்ந்துகொண்டது. வருகிறவர்கள் சொல்வதெல்லாம் அப்படி. "இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க." "மாமியாருக்குப் பச்சைதான் பிடிக்கும்." "மச்சினன் கம்ப்யூட்டர் படிச்சவன், அவன் ஒரு தடவை பார்க்கட்டும்." மச்சினன்கள் பார்த்த பிறகு என் லோகோ எதுவும் உருப்படியாகத் திரும்பி வந்ததில்லை. அதனால் மோட்டார்காரர் என் அறைக்கு முதல் தடவை வந்தபோது, இவரும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவருடைய பட்டறை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் பழைய காயிலைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. தண்ணீர் பம்பு, சலவை மெஷின், லிஃப்ட் மோட்டார் எல்லாம் அவரிடம் வரும். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், நக இடுக்கில் வார்னிஷ். உட்காரச் சொன்னால், சட்டை அழுக்கு என்று நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"கடைக்கு ஒரு லோகோ வேணும் மேடம். எஸ்டிமேட், பில், கேரண்டி கார்டு, எல்லாத்துலயும் போடணும். பார்த்தவுடனே எனக்குத் தெரியணும்."

"உங்களுக்கு இல்லண்ணா, வர்றவங்களுக்குத் தெரியணும்" என்று நான் பாடம் எடுத்தேன்.

"ஆமா, அவங்களுக்கும் தெரியணும்" என்றார் பணிவாக. "ஒரு மாசத்துல முடியுமா? வீட்டுல அவங்க பொண்ணுகிட்ட போகணும். பொண்ணுக்குப் பிரசவம். தலைப்பிரசவம்."

லோகோவுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. கடைக்கு மகளின் பெயரைத்தான் வைத்திருந்தார். ஐந்து எழுத்து. பத்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்தை வரைந்து முடித்ததும் தாளைத் தலைகீழாகச் சுவரில் மாட்டிவிட்டு, எட்ட நின்று பார்ப்போம். நேராக மாட்டினால் கண் படிக்க ஆரம்பித்துவிடும். படிக்கிற கண்ணுக்கு வடிவம் தெரியாது. தலைகீழாக இருந்தால்தான் எது சாய்கிறது, எங்கே இடைவெளி பிசகுகிறது என்று பிடிபடும். இத்தனை வருடம் பழகியும் எனக்கு அது முழுசாகக் கைவரவில்லை. என் கண் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டேதான் இருக்கும்.

அவர் வந்த அன்று தாள் அப்படித்தான் மாட்டியிருந்தது. பிஸ்கட் டப்பாவுக்கு லேபிள் கேட்டு வந்திருந்த பேக்கரி அக்காவும் அறையில் இருந்தார். அக்கா உள்ளே நுழைந்ததுமே கழுத்தை ஒடித்துக்கொண்டு அந்தப் பெயரைப் படித்திருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மோட்டார்காரர் கழுத்தை அசைக்கவில்லை. நேராக நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மேடம். நடுவுல இருக்கிற ஆளு மட்டும் கொஞ்சம் சாஞ்சு நிக்கிறாரு. அவருக்கும் ரெண்டாவது ஆளுக்கும் நடுவுல ஒரு கம்பி கனத்துக்கு இடம் ஜாஸ்தி."

எனக்குச் சுருக்கென்றது. நான் மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்த எழுத்து அது. "ஏண்ணா, தாளைத் தலைகீழா மாட்டியிருக்கேன். உங்க பொண்ணு பேரு குப்புற கிடக்குது. அது கண்ணுல படல, சாய்வு மட்டும் பட்டுச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். பேக்கரி அக்காவும் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். "கண்ணாடி எடுத்துட்டு வரல மேடம். நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு, வீம்புக்குத்தான், தாளை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். நடு எழுத்து சாய்ந்துதான் இருந்தது. அந்த இடைவெளியும் ஒரு மயிரிழை அதிகம். எட்டடி தூரத்திலிருந்து, கண்ணாடி இல்லாமல் அதைப் பார்த்த மனிதருக்கு, பெயர் தலைகீழாக இருப்பது எப்படித் தெரியாமல் போகும்? ஸ்கேல் கையிலேயே இருந்தது. விஷயம் அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. இன்னொருத்தர் முன்னால் வைத்து அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நான்கு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே பட்டறைக்குப் போனேன்.

வாசலை ஒட்டிய மேஜையில் பில் புத்தகத்தோடு அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துகொண்டார். "லோகோ வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஆன வேலைக்கு என்னவோ வாங்கிக்கங்க" என்றார் முகம் கொடுக்காமல்.

"மன்னிப்பு கேக்க வந்தேங்க்கா."

"எதுக்கு மன்னிப்பு? கண்ணாடி மறந்துட்டுப் போனாரு, அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "விடு. அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு." கையில் பாதி சுற்றிய காயிலோடு வெளியே வந்து, ஒரு ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார்.

"ஏழு வயசுல பட்டறையில விட்டாங்கம்மா. நம்பர் தெரியும், தொகையெல்லாம் போட்டுடுவேன். எழுத்துதான் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேருந்து காகிதம் எல்லாம் இவதான். பில், ஆர்டர் லிஸ்ட், ஃபோன்ல வர்ற மெசேஜ், எல்லாம். இவ ஒரு வாரம் இல்லன்னா எஸ்டிமேட் எது, கேரண்டி கார்டு எதுன்னு முழிச்சுக்கிட்டு நிப்பேன். இது யாருக்கும் தெரியாது."

"பொண்ணுக்கு?"

"அவளுக்கும் தெரியாது. படிச்ச பொண்ணு. சொல்ல வாய் வரல." கம்பியின் நுனியை விரலால் நீவிக்கொண்டே பேசினார். "அம்மாவ அனுப்ப மாட்டேங்கிறாரு, அப்பாவுக்குக் கடைதான் பெருசுன்னு கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கா. நெனச்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். ஆனா பிரசவத்துக்குத் தாய் இல்லாம எப்படி? அதான், எதுல எது இருக்குன்னு எனக்கே தெரியற மாதிரி ஒரு குறி இருந்தா இவ நிம்மதியா போவாளேன்னு உங்ககிட்ட வந்தேன்."

பார்த்தவுடனே எனக்குத் தெரியணும் என்று அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். திருத்தியது நான்.

பேச்சை மாற்றுவதற்காகச் சுற்றிலும் பார்த்தேன். தரையிலும் அலமாரித் தட்டுகளிலும் முப்பத்தேழு மோட்டார்கள் இருந்தன, எண்ணினேன். ஒவ்வொன்றிலும் அவர் மனைவி அக்காவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. "அப்போ இது யார் மோட்டார்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"மெஷின் எனக்குத் தெரியும்மா. சீட்டெல்லாம் வர்றவங்க திருப்திக்கு."

நான் நம்பவில்லை. தட்டின் மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டினேன், சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு. அவர் கிட்டேகூட வரவில்லை.

"அது ஆஸ்பத்திரி சலவை மெஷின். போன மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை வந்துச்சு. ஒரு பக்கம் கருகிப்போச்சு, எழுபத்திரண்டு சுத்து. ஆறு வருஷம் முன்னாடி ஒரு தடவை வந்தப்ப, எவனோ எழுபதோட நிறுத்தியிருந்தான். நான்தான் அவுத்துச் சரி பண்ணேன்."

சீட்டைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, சலவை, தேதி எல்லாம் சரி. அடுத்ததைக் காட்டினேன். அதற்கு அடுத்ததை. பதினோரு மோட்டார் வரைக்கும் விடாமல் கேட்டேன். உரிமையாளர், வந்த நாள், நோய், சுற்று, முன்பு வந்த வரலாறு, கொண்டு வந்தவர் அன்று பேசிய பேச்சு உட்பட ஒன்றுகூடத் தப்பவில்லை. கம்பியின் கனத்தைக் கட்டைவிரல் நகத்தால் உரசியே சொன்னார். அக்கா அளவுகருவியை எடுத்து என் கையில் கொடுத்தார். முள் அவர் சொன்ன இடத்தில் போய் நின்றது. வீட்டுக்கு வாங்கவேண்டிய நாலு சாமானை எழுதி வைத்துக்கொள்ளாமல் கடைக்குப் போனால் இரண்டை மறந்துவிட்டு வருகிற ஆள் நான்.

"ஒரு வாரம் கொடுங்கண்ணா" என்று எழுந்தேன். பழைய தாள்கள் அத்தனையையும் கிழித்துப் போட்டேன்.

புது லோகோ ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதன் கீழே மகளின் பெயர். எஸ்டிமேட்டில் ஒரு சுற்று, பில்லில் இரண்டு, கேரண்டி கார்டில் மூன்று. எண்ணெய்க் கையோடு இருந்தாலும் தடவித் தெரிந்துகொள்ளும்படி, அச்சகத்தில் சொல்லிச் சுருளை மட்டும் மேடாக எழும்ப வைக்கலாம். யோசனை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வரைய வைத்தவர் அவர். தினமும் காலையிலும் மாலையிலும் பட்டறைக்குத் தாளோடு போவேன், அடி வாங்கிக்கொண்டு வருவேன்.

"இது சுத்து இல்லம்மா, பாம்பு."

"இந்தக் கம்பி பாதி வழியில பயந்துட்டுது பாருங்க."

"மூணாவது சுத்து ரெண்டாவது மேல ஏறி உக்காந்திருக்கு. நெசத்துல இப்படிக் கட்டினா அரை மணி நேரத்துல எரிஞ்சுடும்."

ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அவர் சரி. எட்டாவது தாளோடு அளப்பதை விட்டுவிட்டேன். நாங்கள் தாளைத் தலைகீழாகத் திருப்பித் திருட முயல்கிற பார்வை அவருக்கு நேராகவே இருந்தது. ஊரெல்லாம் எழுத்தைப் படித்துக்கொண்டு ஓடும்போது, ஒரு மனிதர் ஐம்பது வருடமாக அதை வெறும் கோடாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு எழுத்தின் நிற்பும் சாய்வும் அவருக்கு அத்துப்படி. ஒருநாள் வெட்கத்தை விட்டு, பேக்கரி அக்காவின் லேபிளையும் காட்டினேன். அதிலும் இரண்டு குற்றம் கண்டுபிடித்தார். இரண்டும் உண்மை. மச்சினன்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி இவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பதினோராவது தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதை அச்சுக்குக் கொடுத்தேன்.

அச்சடித்த புத்தகங்கள் வந்த அன்று மத்தியானம் அக்கா பரீட்சை வைத்தார். அவருக்கு லேசில் நம்பிக்கை வராது. மூன்று வகையையும் கலைத்து, நடுவில் வேறு கடை பில்களையும் செருகி, கட்டாகக் கணவர் முன்னால் வைத்தார். மோட்டார்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் மட்டும் ஓடியது. நான்கு குவியல் விழுந்தது. அக்கா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், இரண்டு தடவை புரட்டினார், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நான் எதுக்குத்தான் இங்க இருக்கேன்?" என்றார் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும்.

"திரும்பி வர்றப்ப யோசிச்சுச் சொல்றேன். முதல்ல பொண்ணுக்கு ஃபோனைப் போடு."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்கள். நான் எழுந்து போகப் பார்த்தேன், அவர் கையமர்த்தினார்.

"அம்மா ஞாயித்துக்கிழமை ரயில் ஏறுறாம்மா. மூணு மாசம் உன்கூட இருப்பா."

"அதிசயமா இருக்கே. கடையை விட்டுட்டு அம்மாவை அனுப்ப எப்படி மனசு வந்துச்சு?" மகளின் குரலில் எரிச்சல் அப்படியே இருந்தது.

அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவர் பார்த்தும் பார்க்காதது மாதிரி ஃபோன் பக்கம் குனிந்தார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. அதனாலதான் உங்கம்மாவ விட முடியல. உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

லைன் போய்விட்டதோ என்று அக்கா ஃபோனை எட்டிப் பார்த்தார்.

"அப்போ ஹாஸ்டலுக்கு நீங்க போட்ட லெட்டரெல்லாம்?"

"பேச்சு என்னுது. கையெழுத்து அம்மாவுது."

"நான் உங்களுக்குன்னு எழுதினதை நீங்க படிக்கவே இல்லையாப்பா?" எரிச்சல் எங்கேயோ போய், குரல் சின்னப் பெண்ணின் குரலாகிவிட்டது.

"படிக்கலம்மா. கேட்டேன்." நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்பு மோட்டாரின் வரலாறு சொல்கிற அதே நிதானத்தில் சொல்ல ஆரம்பித்தார். "அன்புள்ள அப்பாவுக்கு. இங்கே என் ரூம் ஃபேன் தடதடன்னு சத்தம் போடுகிறது. எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வருகிறது. நம் பட்டறை பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. நாளைக்கு ரிப்பேர் செய்ய ஆள் வருகிறாராம். வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள்."

ஒரு சொல்லுக்குக்கூட அவர் யோசிக்கவில்லை. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவைதான் வாசிச்சுக் காட்டினேன்" என்றார் என் காதோரம்.

ஃபோனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மகள் பேசினாள்.

"அடுத்ததைச் சொல்லுங்கப்பா."