நிலத்தில் வைக்கக்கூடாத தேங்காய்

போன வருடத்துக்கு முந்திய வருடம், குளிர் முடியப்போகிற ஒரு புதன்கிழமை. பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வருகிற ஒரு நகரம், பெயரை விட்டுவிடுகிறேன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலையை விட்டுவிட்டு, முதுகில் பையோடு ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். முதலாளியோடு சண்டை எதுவும் இல்லை. எனக்கு ஓரிடத்தில் கால் நிற்பதில்லை, அவ்வளவுதான். ஊரில் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்ததில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போயிற்று. ஜெர்மனிக்கு வந்த பிறகும் ஒரு தொழிலை முறையாகப் பழகவில்லை. ஆஹென் பக்கத்தில் பார்சல் ஏற்றுகிற வேலை இருப்பதாக ஒரு கூட்டாளி சொல்லியிருந்தான். அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

நிலையத்துக்குப் போகிற வழியில் நீதிமன்றம் இருக்கிறது. அன்றைக்கு அந்தத் தெருவே அடைபட்டுக் கிடந்தது. பொலிஸ் வான்கள், தொலைக்காட்சிக் கமராக்கள், கையில் படமும் பூவும் பிடித்த சனம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த வழக்கின் தீர்ப்பு நாள். பேக்கரி ஒன்றில் வேலை செய்த ஒரு ஜெர்மன் இளம்பெண்ணை யாரோ கொன்றுவிட்டார்கள். அவளோடு அதே பேக்கரியில் விடியற்கால வேலை செய்த ஒரு தமிழன்தான் குற்றவாளிக் கூண்டில். அவளைக் கடைசியாகப் பார்த்தவன் அவன் என்றார்கள். குளிர்காலம் முழுக்க நகரத்தில் இதுதான் பேச்சு. டிராமில் போனால் என் முகத்தையும் இரண்டு தரம் பார்ப்பார்கள்.

ஓரமாக நழுவிப் போய்விடலாம் என்று நடந்தேன். அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒரு பெண் என்னை நோக்கி ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல கறுப்புக் கோட்டு, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு முழுத் தேங்காய்.

"தம்பி, தமிழோ?"

"ஓம் அக்கா."

"இதை ஒருக்காப் பிடியுங்கோ. உள்ளுக்குக் கொண்டுபோக விடமாட்டாங்களாம். பெட்டியிலை வைச்சுப் பூட்டச் சொல்லுறான் வாசல் காவல்காரன். நேர்த்தித் தேங்காயைச் சப்பாத்தும் குடையும் வைக்கிற பெட்டியிலை வைக்கிறதே?"

குற்றவாளிக் கூண்டிலிருந்த அந்தத் தமிழன் அவருடைய தம்பியாம். அவன் விடுதலையானால் அந்த இடத்திலேயே, நீதிமன்றத்துப் படியிலேயே, பிள்ளையாருக்குத் தேங்காய் அடிப்பதாக நேர்ந்து வைத்திருந்தார்.

"நிலத்திலை மட்டும் வைச்சுப்போடாதேங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் ஓம் என்றேனா இல்லை என்றேனா என்றுகூடப் பார்க்காமல் உள்ளே ஓடினார்.

இப்படித்தான் நான் முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தேங்காயும் கையுமாக அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றேன். ரயில் போய்விடுமே என்று நினைத்தேன். ஆனாலும் கால் நகரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பரபரப்பு என்னையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தமிழ் அண்ணை வந்து சேர்ந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர். என் கையைப் பார்த்தார்.

"என்னடாப்பா, கோர்ட்டு வாசலிலை தேங்காய்ச் சம்பல் போடப் போறியோ?"

விஷயத்தைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். "உவன்தான் செய்தவன். உவனாலை இனி எங்களுக்கு ஒருத்தனும் வேலை தரமாட்டான், பார்."

"தீர்ப்பு இன்னும் வரேல்லையே அண்ணை."

"பேப்பரிலை தீர்ப்பு எப்பவோ வந்திட்டுது. இவங்கள் உள்ளுக்கை வாசிக்கிறது மட்டும்தான் மிச்சம்."

சுற்றிலும் அதே பேச்சுத்தான், வேறு மொழியில். அந்தப் பெண்ணின் கூட்டாளிகள் அழுதுகொண்டு நின்றார்கள். அவன் செய்யவில்லை என்று அட்டை பிடித்த சிலர் தெருவின் மறுபக்கம். அவளை உயிரோடு ஒருநாளும் கண்டிராதவர்களும் கொடியோடு வந்திருந்தார்கள். அவர்களுடைய கோபம் வேறு கோபம், என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

திடீரென்று ஒருத்தி கைத்தொலைபேசியைப் பார்த்துக் கத்தினாள். "ஃப்ரைஸ்புருக்!"

விடுதலை. சாட்சியம் போதவில்லையாம்.

கடல் பொங்கியதுபோல ஒரு சத்தம். வெட்கம், வெட்கம் என்று ஒரு பக்கம் கத்துகிறது. மறுபக்கம் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். கமராக்காரர்கள் வயர்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு கோப்பிக் கோப்பை என் தலைக்கு மேலால் பறந்தது. தொப்பி அண்ணை என் தோளில் ஓங்கி அடித்தார்.

"நான் அப்பவே சொன்னனானெல்லே, எங்கட பெடியன் செய்திருக்கமாட்டான் எண்டு!"

பின்னாலிருந்து சனம் ஒரே தள்ளாகத் தள்ளியது. தேங்காய் நழுவப் பார்த்தது. விழுந்தால் அந்த அக்காவின் நேர்த்தி போயிற்று. வேறொன்றும் யோசிக்காமல் இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன்.

நமக்கு அது தேங்காய். அந்த ஊர்க்காரருக்கு, கோபமான கூட்டத்தின் நடுவில் ஒரு கறுத்த ஆள் உருண்டையான எதையோ எறிய ஓங்குகிறான். முன்னால் நின்றவர்கள் அலறிக்கொண்டு குனிந்தார்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையானது. அந்த வட்டத்துக்குள் மூன்று பொலிஸ்காரர் பாய்ந்தார்கள்.

"கீழே வை! நிலத்தில் வை!"

"ஏலாது" என்றேன், தமிழில்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. நிலத்தில் வை என்று அவர்கள் கத்துகிறார்கள். நிலத்தில் வைக்காதே என்று அக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கையை இறக்கி, தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் சொன்னேன்: "மன்னியுங்கள், இது கடவுளின் சாமான். நிலம் கூடாது."

மூவரில் ஒரு இளம் பொலிஸ்காரி மெல்லக் கிட்ட வந்து அதை வாங்கினாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே தண்ணீர் கிளுகிளுத்தது. அவளுடைய முகம் மாறியதைப் பார்க்கவேண்டும்! "தேங்காய்!" என்று மற்றவர்களுக்குச் சத்தமாகச் சொன்னாள். குனிந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். பிறகு அங்கே இங்கே சிலர். என் அடையாள அட்டையைப் பரிசோதித்து முடிக்கும்வரை தேங்காயை அவள் கீழே வைக்கவே இல்லை. குழந்தையைப்போல இடுப்பில் இடுக்கிக்கொண்டே நின்றாள். யாரும் அவளிடம் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

அந்த நேரம் அக்கா வந்துவிட்டார். தம்பியைப் பக்கத்து ஒழுங்கை வழியாக வெளியே கொண்டுவந்து டாக்சியில் ஏற்றிவிட்டு, நேர்த்திக்காகத் தனியே ஓடி வந்திருக்கிறார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பொலிஸ்காரியின் கையிலிருந்த தேங்காயை வாங்கினார். கண்ணை மூடினார். முதல் படிக்கு நேரே கையை ஓங்கினார். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை, அடியுங்கோ அக்கா என்று வாய்வரை வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

படிக்கு அருகே கல் திட்டில் இறந்த பெண்ணின் தாய் உட்கார்ந்திருந்தார். பேப்பரில் பார்த்த முகம். அங்கே கையில் அவளுடைய படம் வைத்திருந்த எல்லாரும் அதைக் கமராவுக்குக் காட்டினார்கள். அவர் மட்டும் மகளின் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். தலையை நிமிர்த்தி, ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் கை மெல்ல இறங்கியது.

"என்னக்கா, உங்கட நேர்த்தியெல்லே?"

"நேர்த்தி என்ரை. பிள்ளை அவவின்ரை" என்றார். "இப்ப ஏலாது தம்பி. நான் இனி இந்தப் பக்கம் வரவும் மாட்டன். சனம் போனாப்பிறகு நீங்களே அடிச்சு விடுங்கோ. இதே படியிலை."

"என்ரை கையாலையோ?"

"பிள்ளையார் கையைப் பாக்கமாட்டார்."

தேங்காயை என் கையில் திணித்துவிட்டு டாக்சி நின்ற பக்கம் ஓடினார். அவர் என் பெயரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சனம் போவதாக இல்லை. இவ்வளவையும் செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு மனிதர் கதவோரம் விளக்குமாற்றில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தெரு துப்புரவு செய்கிற ஆட்களின் மேற்பார்வையாளர். "அதை எப்போது உடைக்கப் போகிறாய்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"எல்லாரும் போனபிறகு."

"எல்லாரும் போனபிறகு இங்கே வருகிறவன் நான் மட்டும்தான். விடியற்காலை. என் ஆள் ஒருவனுக்குக் காய்ச்சல். உனக்குக் கூட்டத் தெரியுமா?"

தெரியும் என்றேன். ஆஹென் ரயில் எப்போதோ போய்விட்டது. நிலையத்து நீள வாங்கில் உட்கார்ந்தே தூங்கினேன், தேங்காயை மடியில் வைத்தபடி.

விடிய நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு காக்காய் குருவி இல்லை. ஈரமான படிகள், இறந்த பெண்ணுக்காக ஏற்றிய மெழுகுதிரிகள் அணைந்தும் அணையாமலும். "திரிகளைத் தொடாதே, மற்றதெல்லாம் அள்ளு" என்றார் மேற்பார்வையாளர். திரிகளிலிருந்து தள்ளி, முதல் படியின் மறு ஓரத்தில், யாரென்று தெரியாத அந்த அக்காவுக்காக ஓங்கி அடித்தேன். ஒரே அடி. வெள்ளை வெள்ளையாகச் சிதறி, தண்ணீர் கல்லில் ஓடியது. மேற்பார்வையாளர் ஒரு துண்டை எடுத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "சரி, இனிக் கூட்டு" என்றார். வெட்கம் என்று எழுதிய அட்டைகளையும் அவன் செய்யவில்லை என்று எழுதிய அட்டைகளையும் ஒரே பைக்குள் போட்டேன். சிரட்டைத் துண்டுகளும் அதற்குள்தான் போயின.

அவன் செய்தானா இல்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் சனம் ஆரவாரித்துவிட்டுப் போன தெருக்களைக் கூட்டுகிற இந்த வேலையில், ஓரிடத்தில் கால் நிற்காத நான், அன்று காலை விளக்குமாற்றைப் பிடித்ததிலிருந்து, இன்னும் நிற்கிறேன். எங்கே யார் வென்று கையை உயர்த்தினாலும் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.