கையில் கொடுக்காத கத்தி

அண்ணா எங்களை விட்டுப் போய் ஆண்டொன்று நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு மலர் ஒன்று போடவேண்டும், எழுதவேண்டியது நீங்கள்தான் என்று அண்ணி சொல்லிவிட்டார். ஊருக்கு உழைத்த உத்தமர் என்று தொடங்கியிருக்கலாம். நினைவு மலர்களில் உத்தமர் அல்லாத ஒருவரை நான் இதுவரை வாசித்ததில்லை. அண்ணா அப்படியான மலர்களைக் கையில் எடுத்தாலே சிரிப்பார். ஆகவே அவருடைய பேனாக்கத்தியைப் பற்றி எழுதுகிறேன். அதை அறியாமல் அவரை அறிந்தவர் யாரும் இல்லை. அவரை எங்களிடமிருந்து கொண்டுபோனதும் அதுதான்.

அண்ணா திரியாயில் வயல் செய்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. நான் கடைசி. இடையில் பிறந்தவை தங்கவில்லை. ஐயாவைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு அண்ணா திருகோணமலையில் ஒரு கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தார். என்னைப் படிப்பித்து ஆசிரியையாக்கியவரும், முன்னின்று கலியாணம் செய்து வைத்தவரும் அவரே. கணவரை இழந்து நான் திரும்பி வந்தபோது, “உன்ர அறை அப்பிடியே கிடக்கு, வா” என்றார்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில் அவர்கள் கழித்துவிட்ட சாமான்கள் கடைகளில் குவிந்து கிடந்தன. ஆட்கள் கதிரையும் போர்வையும் பீங்கானும் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் அண்ணாவும் கட்டிலொன்று பார்க்கத்தான் போனார். திரும்பி வரும்போது கையில் ஒன்றுமில்லை. சட்டைப் பையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மடக்குக் கத்தி. கொம்புப் பிடி, இரண்டு அலகு. அம்மா அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை என்று நினைக்கிறேன்.

இதில் அப்படி என்ன கண்டீர்கள் என்று நான் கேட்காத நாளில்லை. “எடுத்துப் பார்” என்பார். பார்த்தேன். மடித்தால் உள்ளங்கைக்குள் மறைந்துபோகும். நகத்தால் இழுத்துத் திறந்தால் மெல்ல வரும். மடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் ஒரு திருப்தி இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிவளையத்தில் அலகைத் தீட்டுவார். மூட்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய். பென்சில் சீவவும், தோடம்பழம் உரிக்கவும், பார்சல் கயிறு அறுக்கவும், பிள்ளைகளின் காலில் ஏறிய முள்ளை எடுக்கவும் அதுதான். இதை வாசிக்கும் உங்களில் ஒரு கலியாண வீட்டிலாவது “அண்ணை, அந்தக் கத்தியை ஒருக்காத் தாங்கோ” என்று கேட்காதவர் எத்தனை பேர்? அப்படி யாராவது கேட்கவேண்டும் என்பதற்காகவே அவர் அதைச் சுமந்தார் என்பது என் எண்ணம்.

கேட்டவர் கையில் மட்டும் கொடுக்கமாட்டார். மடித்து, மேசையிலோ தரையிலோ வைப்பார். கேட்டவர் குனிந்து எடுத்துக்கொள்ளவேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா சொல்லி வளர்த்தது. பல்லி சொல்வதையும் பூனை குறுக்கே போவதையும் கேலி செய்த மனிதர், இதை மட்டும் விடவில்லை. அம்மா போனபின் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதெல்லாம் ஒருவரின் பையில் கத்தி இருப்பதை யாரும் கவனித்ததில்லை. பிறகு கலவரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஓய்ந்த பிறகு எல்லாம் பழையபடி என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் பழையபடி இல்லை. கடைகள் நேரத்தோடு சாத்தப்பட்டன. தெரிந்த முகங்கள் தெருவில் கண்டும் காணாமல் போயின. எழுபதுகள் முடியும்போது இராணுவத்தார் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிப் பையைத் தடவும் வழக்கம் வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு பெடியனைச் சுருட்டு வெட்டும் கத்திக்காகக் கொண்டுபோனார்கள் என்று கதை வந்தது. அவன் திரும்பி வந்தான் என்ற கதை வரவில்லை.

அண்ணி கத்தியை எடுத்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். அண்ணா தேடி எடுத்துவிட்டார்.

“அது இல்லாமல் வெளிக்கிட ஏலாது. சாரம் கட்டாமல் றோட்டுக்கு இறங்கின மாதிரிக் கிடக்கு.”

“பகிடி விடாதேங்கோ அண்ணா,” என்றேன். “நீங்கள் பேனாக்கத்தி எண்டுறியள். அவங்கள் கத்தி எண்டுதான் பாப்பாங்கள்.”

“நான் பென்சில் சீவுற மனிசன். என்னை ஆர் என்ன செய்யப் போகினம்?”

அன்றிலிருந்து அவர் கந்தோர் விட்டு வரும்வரை அண்ணிக்கும் எனக்கும் அடுப்பில் கவனம் இருக்காது. கேற் திறக்கும் சத்தம் கேட்டபிறகுதான் மூச்சு வரும்.

நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மூதூர் முஸ்லிம் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அண்ணாவின் நெடுநாள் கூட்டாளி. அவர் கடலுக்கு அக்கரையில் மூதூரில் புது வீடு கட்டிக் குடிபூர விருந்து வைத்தார். எங்களைத் தாமே கூட்டிப்போக வந்திருந்தார். அண்ணி காய்ச்சலில் படுத்திருந்ததால் அண்ணாவும் நானும் அவரோடு இறங்குதுறைக்குப் போனோம். நல்ல வெயில். படகில் ஏறப் போகிறவர்களை வரிசையாக நிற்கவைத்துச் சோதித்தார்கள். துவக்கு வைத்திருந்தவன் மீசை சரியாக முளைக்காத பெடியன். பைகளில் இருப்பதை வெளியே எடுக்கச் சொன்னான். அண்ணா மூக்குக் கண்ணாடியை எடுத்தார், முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்தார், கத்தியையும் எடுத்தார். ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பெடியன் சிங்களத்தில் “இங்கே தா” என்று கையை நீட்டினான். கந்தோரில் பழகிய அண்ணாவுக்கு அது நன்றாக விளங்கும். நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, கத்தியை அவனுடைய சப்பாத்துக்கு முன்னால் பலகையில் மெதுவாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

சண்டை வரக்கூடாது என்று நினைத்துத்தான் வைத்தார். அது எனக்குத் தெரியும், நானாவுக்குத் தெரியும். துவக்கோடு நிற்கிறவனைக் காலடியில் குனிந்து பொறுக்கச் சொல்கிறான் இந்தக் கிழவன் என்றுதான் அந்தப் பெடியனுக்குத் தெரிந்திருக்கும். அவன் முகம் மாறியதை நான் கண்டேன். துவக்கின் பின்பக்கம் அண்ணாவின் நெஞ்சில் பட்ட சத்தத்தையும் கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கடலைப் பார்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அண்ணாவை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கொட்டிலுக்குள் போனார்கள்.

நானா மட்டும் பின்னால் போனார். “இவர் எங்கட ஆள், கந்தோர்க்காரர், எனக்குத் தெரியும்” என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனார். அவர் போவதற்குள் கதவைச் சாத்தினார்கள்; தட்டித் தட்டி உள்ளே போனார். வெகுநேரம் கழித்து இருவரும் வெளியே வந்தபோது நானாவின் சட்டையும் கிழிந்திருந்தது. விருந்துக்குப் போகவில்லை.

உள்ளே நடந்ததை அண்ணா சொல்லவில்லை. நானாவும் சொல்லவில்லை. கந்தோருக்குப் போவது நின்றது. கதிரையை முன்கதவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பார். அண்ணி பழம் வெட்டக் குசினிக் கத்தியை எடுத்து வந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுவார். இருமும்போது நெஞ்சைப் பொத்துவார். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது. உலகத்தில் எத்தனையோ வழக்கத்தை விட்ட மனிதர், அந்த ஒன்றை அன்றைக்கு விட்டிருக்கக்கூடாதா? கேட்டும்விட்டேன்.

“கையில குடுத்திருந்தால் மட்டும் விட்டிருப்பாங்களோ?” என்றார்.

அதுதான் அவர் அதைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை. மாரி தொடங்குமுன் ஒரு காலை, தேநீரைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே சாய்ந்துவிட்டார். இருதயம் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தார்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டும். சாத்திய கதவைத் தட்டி உள்ளே போன நானாவின் பெயரைப் பெரிய எழுத்தில் போட ஆசைப்பட்டு அவரிடம் கேட்கப் போனேன். “பேரப் போட்டுராதீங்க தங்கச்சி. எனக்கும் ஆம்புளப் புள்ளைகள் இரிக்காங்க” என்றார். காசு வாங்காமல் அண்ணாவை வீட்டுக்கு வந்து பார்த்த வைத்தியரும் வேண்டாம் என்றார். தங்கள் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன அயல்வீட்டாரும் வேண்டாம் என்றார்கள். இந்த மலரை அச்சடித்தவர் கடைசிப் பக்கத்தில் தமது அச்சகத்தின் பெயரைத் தாமே எடுத்துவிட்டார்.

அண்ணாவின் மகன் தினமும் அதே இறங்குதுறையால்தான் வேலைக்குப் போய் வருகிறான். திவசத்துக்கு வருகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். உங்களுக்கும் எங்கள் நன்றி.

உதவிய ஒவ்வொருவரையும் எங்களுக்குத் தெரியும். அவர்கள் பெயர்களை இங்கே எழுதாமல் விடுவதுதான் எங்களால் இயன்ற கைம்மாறு. என் பெயரையும் எழுதவேண்டாம் என்று இன்று காலை அண்ணி கேட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கை