மாமா வைக்காத ஸ்கூட்

போன ஞாயிற்றுக்கிழமை கரியாலூரில் ரம்மி டோர்னமென்ட் ஆடினேன். ஆமாம், நான்தான். பொம்பளைக்கு எதற்குச் சீட்டு என்று முகம் சுளிப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் திருந்துவதாக இல்லை.

என் கணவர் வீட்டில் ஒரு வழக்கம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றி முடித்ததும் மொத்தக் குடும்பமும் கரியாலூர் மலை அருவிக்குக் கிளம்பும். ஆண்கள் ஜமுக்காளம் விரித்து ரம்மிக்கு உட்காருவார்கள். காசு கிடையாது. ஜெயித்தவர் ஒரு வருஷம் பீற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பெண்கள் பின்னால் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக் கோழி வதக்குவோம். அருவியா? அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும்...

இந்த வருஷம் நானும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரித்தார். "ஆடும்மா, யாரு வேணான்னா? ஆனா மொத ஆளா நீ அவுட்டானா, இனிமே எங்க வூட்டுப் பொம்பளைங்க யாரும் சீட்டு பக்கம் வரக்கூடாது. இன்னா, சரியா?"

"சரி மாமா."

ரம்மி தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கைக்கு வந்த சீட்டு சரியில்லையா? ஆடாமலேயே கவிழ்த்துவிடலாம். அதுதான் ஸ்கூட். நம் கணக்கில் இருபது பாயின்ட் ஏறும். ஆடித் தோற்றால் எண்பது வரை ஏறும். இருநூற்றைம்பதைத் தொட்டவர் அவுட்.

எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஸ்கூட் என்றால் மானப் பிரச்சினை! குப்பைச் சீட்டு வந்தாலும் மீசையைத் தடவிக்கொண்டு ஆடுவார்கள்.

நான் ஸ்கூட் வைத்தேன். மறுபடி வைத்தேன். ஒரு நல்ல கை வந்தபோது ஆடி ஜெயித்தேன். அடுத்த கையை மறுபடி கவிழ்த்தேன்.

"இன்னாம்மா, ஆட வந்தியா, கவுக்க வந்தியா?" என்றார் மாமா. "பயமாகீதுன்னா போய்க் கோழியக் கிளறு."

சுருக்கென்றது. அழுகையில்லை, கோபம். கடைசியில் நான் இருநூற்று இருபதில் நின்றேன். அவர் இருநூறில். அப்போது வந்தது ஒரு கை... ராஜா, ராணி, ஏஸ் என்று படம் படமாக. பார்க்க ஜோர். ஆனால் ஒரே இனத்தில் வரிசையாக மூன்று சேரும் ஒரு சீக்வென்ஸுக்குக்கூட வழியில்லை. கவிழ்த்தால் அதுதான் கடைசி ஸ்கூட்; அடுத்த கை எதுவானாலும் ஆடியே ஆகவேண்டும்.

"ஆடுங்க அண்ணி, பாத்துக்கலாம்!" என்று உசுப்பினான் கொழுந்தன் குமார்.

யோசித்துப் பாருங்கள். வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாக ஆடு என்றுதானே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்? வேண்டாம் என்றால் கோழையா? வேண்டாம் என்று சொல்லத்தானய்யா தைரியம் வேண்டும்!

கவிழ்த்தேன்.

மாமா தொடையைத் தட்டினார். "எங்க வூட்ல எவனும் இத்தினி ஸ்கூட் வெச்சதில்ல!" சொல்லிவிட்டு அவர் ஆடினார். இரண்டு சுற்றுகூட ஓடவில்லை, குமார் எல்லாச் சீட்டையும் சேர்த்து ஷோ வைத்துவிட்டான். மாமா கையில் ஒன்றுமே சேரவில்லை. முழுசாக எண்பது. முதல் ஆளாக அவுட்.

நான் மட்டும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

அடுப்படியிலிருந்து மாமாவின் மனைவி, என் ஓரகத்தி செல்வி அக்கா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தள்ளுங்க. அடுத்த டோர்னமென்ட்டுக்கு எனக்கும் சேத்துப் போடு குமாரு."

மாமா பதறினார். "ஏய், அப்ப கோழிய யாரு பாக்கறது?"

"நீங்கதான் அவுட்டாயிட்டீங்களே. சும்மா குந்திக்கினுதான இருக்கீங்க?"

மாமா கிளறிய குழம்பில் காரம் ரொம்ப ஜாஸ்தி. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.