கண்ணாடிக்குள் நின்ற அக்கா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தும் இன்று கரவெட்டியில் அச்சில் வார்த்துச் சீமெந்துக் கல் அரியும் பட்டறை ஒன்றும் மூன்று லொறிகளும் எனக்குச் சொந்தம். என் பெயரைச் சொன்னால் கொழும்பு லொறிக்காரனும் வழி கேட்காமல் வந்து சேருவான். ஒருவரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. கதைத்துக் கதைத்தே முன்னுக்கு வந்தேன். வங்கி மனேச்சர்கூட என் வாய்க்கு முன்னால் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கமாட்டார். அந்த வாய் எனக்குப் பத்து வயதிலேயே இருந்தது.

போன கிழமை பேத்தியின் போனை வைத்து வீட்டில் பெரிய வழக்கு. பதினொரு வயதுக்காரி, பதினெட்டு என்று போட்டுக் கணக்குத் திறந்து, தான் ஆடுகிற வீடியோக்களை ஏற்றியிருக்கிறாள். முகம் தெரியாத ஒருவர், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு விடும் என்று வெகு மரியாதையாகக் கேட்டிருக்கிறார். வயதைச் சரிபார்க்காதது கம்பனியின் பிழை என்றார் மருமகன். போனில் பாடம் அனுப்பிப் பழக்கிய பள்ளிக்கூடத்தின் பிழை என்றாள் மகள். பள்ளிக்கூடத்தைக் கேட்டால், அதை வீட்டில்தான் பார்க்கவேண்டும் என்றார்கள்.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை அப்பா?” என்று மகள் என் பக்கம் திரும்பினாள். நான் அந்த நேரம் மனதால் பழைய நெல்லியடிச் சந்தியில், மத்தியான வெயிலில், ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அவள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு முடிந்த கையோடு, சேலையும் இரவல் நகையுமாகப் படம் எடுக்கச் சந்தியிலிருந்த ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே திரைச்சீலையில் ஒரு குளம் கீறியிருந்தது. குளத்தில் ஓர் அன்னம். கரையில் எங்கேயும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு. எந்நேரமும் புத்தகமும் கையுமாகத் திரிகிற அக்கா, அந்தப் படிக்கட்டின் முன்னால் நின்றபோது வேறு யாரோவாகிவிட்டாள்.

வெங்காயம் கிண்டி எடுக்கிற அறுவடைக் காலம். தகப்பனை நாங்கள் ஐயா என்போம்; ஐயா தோட்டத்தை விட்டு அசைய முடியாமல், படத்தை வாங்கிவர என்னை அனுப்பினார். படக்காரர் கையாலேயே நிறம் தீட்டி, பெரிதாக இன்னொரு பிரதியும் போட்டு வைத்திருந்தார்.

“தம்பி, இதை வெளிக் கண்ணாடிக்குள்ளை, ஆக்கள் பாக்க வைக்கட்டே? ஐயாவைக் கேட்டுக்கொண்டு வா.”

“ஐயா ஓம் எண்டு சொன்னவர்” என்றேன்.

அந்த நிமிடம் கேட்ட கேள்விக்கு ஐயா எப்படி முன்கூட்டியே பதில் சொல்லியிருப்பார் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அன்றிலிருந்து பள்ளி விட்டால் நான் அங்கேதான். வெயிலில் அந்தக் கண்ணாடி ஒரு கிணறு மாதிரி இருக்கும். பருத்தித்துறை பஸ் அக்காவின் ஒரு தோளால் ஏறி மறு தோளால் இறங்கும். அவளுடைய குளத்தில் எங்கள் ஊர் முகில்கள் மிதக்கும். சந்தைக்குப் போகிறவர்களின் பனையோலைக் கடகங்கள் அன்னத்தைத் தாண்டிப் போகும். நடுவிலே, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதுபோல், என் முகம். பார்த்துக்கொண்டே நின்றால் சந்தியின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலத் தூரமாகிவிடும்.

சிநேகிதிகள் சொல்லி அக்காவுக்குத் தெரியவந்தது. “எடுக்கச் சொல்லடா தம்பி, எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு” என்று கெஞ்சினாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

எப்படிச் சொல்வேன்? நின்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அது எங்கள் அக்கா என்பேன். பெயர் கேட்டால் பெயர் சொல்வேன், வீடு கேட்டால் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையைக் காட்டுவேன். அதற்கு முன் என் பேச்சை ஒருவரும் அப்படி நின்று கேட்டதில்லை. வெள்ளைச் சேட்டுப் போட்ட ஓர் ஆள் எனக்குச் சர்பத்தும் வாங்கித் தந்தார். மூன்றாம் நாள் அவர் சிரித்தார்.

“உது உன்ரை அக்காவோ? உன்ரை மூஞ்சைக்கு உப்பிடி ஒரு அக்காவோ? புளுகாதை!”

பொய்யன் என்று ஒருவன் சொல்ல நான் விடுவேனா? “நாலு மணிக்கு ரியூசன் விட்டு வயிரவர் கோயில் ஒழுங்கையாலை வருவா. வந்து பாருங்கோ!” என்றேன்.

அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. ஒழுங்கையில் அந்த ஆள் பெயர் சொல்லி மறித்து, கையைப் பிடித்திருக்கிறார். கோயிலில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த கிழவர் சத்தம் போட, ஆள் ஓடி மாறிவிட்டார். பிள்ளையின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறம் போய் நின்றுகொண்டேன்.

கண்ணாடிக்குள் படம் இருப்பதை அக்கா சொல்ல, ஐயா என்னையும் இழுத்துக்கொண்டு சந்திக்கு, படக்காரரிடம் போனார்.

“ஆரைக் கேட்டு வைச்சனீர்?”

“உங்கடை பெடியன்தானே ஓம் எண்டவன்!”

“பத்து வயசுப் பெடியனைக் கேட்டோ கடை நடத்திறீர்?”

“அந்தப் பத்து வயசை அனுப்பினது ஆர்? நீங்கள்தானே!”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். ரியூசன் வாத்தியாரோ, வாசல் வரைக்கும்தான் தன் பொறுப்பு என்று கையை விரித்தார். ஒவ்வொருவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அக்காவை மட்டும் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

படக்காரர் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தவழுகிற குழந்தை ஒன்றை வைத்தார். எனக்கு முதுகில் இரண்டு அடி. அடுத்த திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தான் என்றார் ஐயா. மனதார நம்பித்தான் சொன்னார்.

அவள் பள்ளிக்கூடம் போய்வந்த சைக்கிள் எனக்கு வந்தது. என் சந்தோஷத்துக்கு அளவில்லை. அக்காவே பின்னால் சீற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஓடி ஓடிப் பழக்கினாள். மூன்றாம் நாள் பின்னேரம் எனக்குச் சமநிலை வந்துவிட்டது. வாசல் படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கினேன். பூவரசு நிழல்கள் சில்லுக்கடியில் வழுக்கிக்கொண்டு போயின. நிலத்தில் ஓடுகிறேனா, காற்றில் போகிறேனா என்றே தெரியவில்லை. பின்னால் அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்று திரும்பிப் பார்த்தேன்.

அக்கா படலைக்கு உள்ளேயே நின்றாள். சீற்றைப் பிடித்திருந்த கை இன்னும் முன்னால் நீண்டபடி இருந்தது.

“ஏனக்கா நிண்டிட்டாய்? ஓடி வாவன்!” என்று கத்தினேன்.

அவளுக்குக் களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் வேகமாக மிதித்தேன்.