கேட்காமல் போட்ட பெயர்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில், காது கேட்கும் கருவி பொருத்தும் சின்ன நிலையம் நடத்துகிறேன். அங்கே சத்தம் புகாத ஓர் அறை உண்டு. கதவைச் சாத்தினால் பஸ் ஹாரன்கூட அடங்கிவிடும். உள்ளே உட்காருபவரின் காதுக்கு மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நிஜமாகவே கேட்டதா, கேட்ட மாதிரி தோன்றியதா என்று தெரியாமல் பலரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால், தூக்கத்தில் எதையோ தேடுகிறவர்கள் போலிருக்கும்.

அப்படித்தான் அவரும் ஒருநாள் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கோயில் கொடைத் திருவிழாக்களிலும் தொலைக்காட்சியிலும் பட்டிமன்றம் பேசுகிறவர். தெற்கே ராதாபுரம் வரை அவர் முகம் தெரியாத ஆள் குறைவு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மனைவியோடு வந்திருந்தார்.

கருவியைப் பொருத்தியதும் எழுந்து சன்னலோரம் போனார். எதிர்க்கடைத் தகரத்தின்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"இந்தச் சத்தம் இவ்வளவு நாளும் இருந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு, என்னா?" என்றார் மனைவியிடம்.

அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். நானும் கூடவே அந்தத் தூறலுக்குள் நின்றது போலிருந்தது. போகும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சிரித்தபடி நின்றார். எதற்கென்று நான் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து நோட்டீஸ் அடிக்கப் போனபோது, அச்சகத்துக்காரர் தெரிந்த முகம் ஏதாவது இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். போனில் இருந்த அந்தப் படத்தைக் கொடுத்தேன். அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, 'இவரும் எங்கள் வாடிக்கையாளரே' என்று அடித்தார்கள். காலைப் பேப்பருக்குள் வைத்து அம்பாசமுத்திரம் வட்டாரம் முழுக்கப் போயிற்று.

அன்று காலையிலேயே புதிதாக மூன்று பேர் வந்துவிட்டார்கள். சந்தோஷமாக இருந்தேன். மத்தியானத்துக்கு முன்னால் அவருடைய மனைவி போனில் கூப்பிட்டார்.

"பேப்பருக்குள்ள இருந்து விழுந்துச்சும்மா. அவுகதான் குனிஞ்சு எடுத்தாவ."

"கோவமா இருக்காங்களாம்மா?"

"மிஷினைக் கழத்தி டப்பாக்குள்ள வச்சிட்டாவ."

மறுநாள் கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் இருபுறமும் நாற்றுப் பச்சை. மலை மேகத்துக்குள் இருந்தது. என்ன சொல்வதென்று யோசித்துப் பார்த்தேன். வார்த்தைகள் வந்து வந்து கலைந்தன.

அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். காதில் ஒன்றுமில்லை.

"மன்னிச்சிருங்க ஐயா," என்றேன்.

"பையப் பேசும்மா. வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிடுதேன்."

திரும்பச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது கஷ்டமாக இருந்தது.

"மேடையில பாதி எனக்குக் கேக்காது. மூஞ்சியைப் பாத்தே பதில் சொல்லிருவேன். இவளைத் தவிர ஒருத்தருக்கும் அது தெரியாது. இப்ப டீக்கடைக்காரன்கூட என் காதைப் பாத்துக்கிட்டுல்லா பேசுதான்."

"சொல்லாமப் போட்டது தப்புதான் ஐயா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கே?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"அதனாலதான் நீ கேக்கல."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் தலை குனிந்தேன். அவருக்கு என் வாய் தெரியாதே என்று உறைத்ததும் நிமிர்ந்து, "ஆமா" என்றேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அங்கிருந்து அம்பாசமுத்திரம் போய், பேப்பர் ஏஜெண்டிடம் மிஞ்சியிருந்த நோட்டீஸ் கட்டைத் திரும்ப வாங்கினேன். மருந்துக்கடைகளில் ஒட்டியிருந்ததைக் கிழித்தேன். பஸ் நிலையத்தில் ஒருவர் அந்தத் தாளில் வடையை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அதை மட்டும் கேட்க முடியவில்லை.

அவர் பிறகு என்னிடம் வரவில்லை. மதுரையில் வேறோர் இடத்தில், வெளியே தெரியாத சின்னக் கருவியாக வாங்கிக்கொண்டாராம். மனைவிதான் போனில் சொன்னார்.

"அவங்களுக்கு நல்லாக் கேக்குதாம்மா?" என்றேன்.

"எல்லாம் கேக்கு. உங்க பேரைச் சொன்னா மட்டும் கேக்காத மாதிரி இருந்துக்கிடுதாவ."

இருவரும் சிரித்தோம்.