பிரிஜட்டின் மூட்டை

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்துப் பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கும் பிரிஜட்டுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடமும் நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது என்று விசாரித்துவிடுவார்.

ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும், தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்குத் துணை நடிகர்கள் வேண்டும் என்று அறிவித்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில், கப்பலில் வந்த தமிழர்களை நோய்க்குப் பயந்து ஒதுக்குப்புறமான தீவில் அடைத்துவைத்த கதை. பிரிஜட் உடனே பெயர் கொடுத்தார்.

கிராஞ்சியில் ஒரு செடி நர்சரிக்குப் பின்னால் தீவுக் கொட்டகைகளைக் கட்டியிருந்தார்கள். பிரிஜட்டுக்கு வசனம் கிடையாது. மூட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே கசக்கிய செய்தித்தாள்.

இயக்குநர் சரத்திடம் போனார். "தம்பி, நான் நடிக்கிற இந்தம்மா நிஜமா என்ன கொண்டு வந்திருப்பாங்க?"

"யாரும் திறந்து பாக்க மாட்டாங்க ஆண்ட்டி. சும்மா நின்னா போதும் லா."

பிரிஜட்டுக்குப் போதவில்லை. திரும்புவோமா என்றே தெரியாமல் கப்பலேறுகிறவள் எதை எடுப்பாள், எதை விடுவாள்? சாப்பாட்டு இடைவேளையில் நர்சரிக்கு நடந்துபோய் ஒரு முருங்கைக் கொம்பு கேட்டு வாங்கினார். செய்தித்தாளை எறிந்துவிட்டு, உடைப்பெட்டியில் கிடந்த பழம்புடவையில் கொம்பைச் சுற்றிக் கட்டினார்.

கேமரா ஓடியது. தீவின் பரிசோதகராக நடித்த கோவிந்தராசு வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூட்டையிலிருந்து கொம்பு துருத்திக்கொண்டிருந்தது. கதையில் இல்லாதபடி நின்று, முடிச்சை அவிழ்த்தார்.

"என்ன இது?"

"முருங்கைக் கொம்புங்க."

"எதுக்கு?"

"போற ஊர்ல இருக்குமோ என்னவோ. நட்டுப் பாக்கலாம்னு."

வந்தவர்களின் துணிமணிகளை நெருப்பில் போடச் சொல்வதுதான் அந்தப் பரிசோதகரின் வேலை. கோவிந்தராசு கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புடவையை மட்டும் உருவிக்கொண்டு, கொம்பை பிரிஜட்டின் கையிலேயே கொடுத்து, "போம்மா" என்றார்.

காட்சி முடிந்ததும் சரத் வேகமாக வந்தார். "கேக்காம மாத்திட்டீங்களே ஆண்ட்டி."

"கேட்டேனே தம்பி."

அந்தக் காட்சியை அவர்கள் வெட்டவில்லை. ஒளிபரப்பான மறுவாரம் சரத் போன் செய்தார். அந்த மூட்டைக்காரப் பெண்ணுக்கு இன்னும் சில காட்சிகள் எழுதுகிறார்களாம். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார்.

"பாப்பம்மாள்" என்றார் பிரிஜட். "அவ வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா தம்பி?"