துரை வீட்டு மீனுக்கு அம்மை கண்ட கோடை

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நான்கு தங்க மீன்கள் என்னைப் படுத்திய பாட்டை எந்தப் பேயும் படுத்தியதில்லை. பேய் என்றால் விளக்கை ஏற்றினால் போய்விடும். இவை பகலெல்லாம் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்துகொண்டு கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவை எங்கள் மீன்கள் அல்ல. அப்பா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை, கோடைக்குக் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பியபோது, துரைசானி ஆசையாக வளர்த்த மீன்களை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்வி வந்தது. எங்களுடையது ராயபுரத்தில் மீன் பிடிக்கிற குடும்பம் என்று யாரோ துரையின் காதில் போட்டுவிட்டார்கள். மீன் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மீன் வளர்க்கவும் தெரியும் என்று துரை முடிவு கட்டிவிட்டார். நாங்கள் அதுவரை உயிரோடு ஒரு மீனை ஒரு நாள் முழுக்க வைத்திருந்ததில்லை. துரையிடம் அதை யார் சொல்வது? அப்பா தொட்டியைக் கைவண்டியில் வைத்து, கூடவே நடந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

"இதுல ஒண்ணு செத்தாலும் எனக்குச் சீட்டு கிழிஞ்சிடும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிப்பை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது. தீனியை ஓடி வந்து தின்கிறதா, துடுப்பை விரித்து நீந்துகிறதா, மேலே வந்து வாயைப் பிளக்கிறதா, தினமும் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது துரைசானியின் உத்தரவு. பட்லர் மூலமாக அப்பாவுக்கு வந்து, அப்பா மூலமாக எனக்கு வந்தது. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே தொட்டியருகே போய் நான்கையும் எண்ணுவேன். நான்கு இருந்தால் அப்பாவுக்கு இன்றைக்கு வேலை உண்டு.

அந்த வாரமே அக்கா ஒரு சாயங்காலம் தலையை வலிக்கிறது என்று படுத்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. மறுநாள் நான் எழுந்தபோது அவளைக் காணோம். நெட்டுக்குப்பத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள் அம்மா. என்னை விட்டுவிட்டுப் போனாளே என்று எனக்கு ஆத்திரம். அதோடு இன்னொரு சேதி: வலையும் விறகும் கிடக்கிற பின்னறையில் பாம்பு புகுந்துவிட்டதாம், யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். எங்களோடு இருந்த அத்தை மட்டும் போகலாம். அப்பாவுக்கு மூத்தவளான அத்தைக்குப் பயம் என்பது என்னவென்றே தெரியாது. செம்பில் பால் எடுத்துக்கொண்டு போவாள், காலிச் செம்போடு வருவாள். இரண்டு நாள் கழித்து இளநீரும் போயிற்று.

"பாம்பு எளநி குடிக்குமா அத்த?"

"வெயிலு இன்னா காய்ச்சு காயுது! அதுக்கு மட்டும் சூடு புடிக்காதா?"

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு என் மீன்களின் கவலையே தலைக்கு மேல் இருந்தது.

ஏனென்றால் அவற்றில் பெரியது தீனிக்கு வரவில்லை. துடுப்பை உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. மறுநாள் கூழாங்கல்லில் போய் விலாவைத் தேய்த்தது. சொறி வந்த நாய் சுவரில் தேய்க்குமே, அப்படி. அதற்கடுத்த நாள் வாலில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. விடிந்து பார்த்தால் முதுகெல்லாம் ரவையைத் தூவினாற்போல் இருந்தது. அத்தையைக் கூப்பிட்டேன்.

அத்தை கடற்கரையில் மீன் விற்கிறவள். சந்தையிலே அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தொட்டிக்குள் கையை விட்டு மீனை அப்படியே தூக்கினாள். கட்டை விரல் நகத்தால் செவுளைத் திறந்து சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். வயிற்றை அழுத்தினாள். நான் வீல் என்று கத்திய பிறகுதான் தண்ணீரில் போட்டாள்.

"செத்த மீனுன்னா ஒரு பார்வைல சொல்லிடுவேன். உசுரோட கீற மீனுக்கு சீக்கு இன்னான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். பிறகு புள்ளிகளைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள்.

"ஆத்தா வந்துகீறா" என்றாள் அத்தை. "மீனுக்கு அம்மை போட்டுகீது."

எனக்கு அழுகை முட்டியது. அந்தக் கோடையில் எங்கள் பக்கம் நாலைந்து வீடுகளில் அம்மை. சானிட்டரி இன்ஸ்பெக்டர் தெருத் தெருவாக வருவார். அம்மை கண்டவர்களை வண்டியில் ஏற்றி அம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். போனவர்கள் திரும்புவதில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்கு முந்தின வருடம் அம்மை குத்துகிறவர் வந்தபோது, அக்கா பின்பக்கமாக ஓடிவிட்டாள். ஓடத் தெரியாத நான் அகப்பட்டுக்கொண்டேன். மீன்களுக்கு யார் குத்தியிருப்பார்கள்?

அன்றைக்கே வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. தொட்டிக்குள்ளும் ஒரு கொத்து. தாளிக்கக் கூடாது, வீட்டில் மீன் சமைக்கக் கூடாது, அத்தை கூடையைத் தூக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மீன் குழம்பு நின்றது அதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு மீனுக்காக. அத்தை கல்லுப்பை எடுத்துத் தொட்டியை மூன்று முறை சுற்றித் திருஷ்டி கழித்தாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டுமல்லவா? கிணற்றடிக்குப் போகச் சோம்பல்பட்டுத் தொட்டியிலேயே கொட்டிவிட்டாள். மீனுக்கு வரும் அந்த வெள்ளைப்புள்ளி நோய்க்கு உப்புதான் மருந்து என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அது கொலையாகவே தெரிந்தது.

பெரியது பிழைக்கவில்லை. ஒரு காலையில் எண்ணினேன், மூன்றுதான் நீந்தின. நாலாவது வேப்பிலைக் கொத்தின் கீழே மல்லாந்து கிடந்தது. அப்பா அப்போதுதான் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அன்று பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். காக்கித் தொப்பி, கூடவே ஒரு சேவகன். வேப்பிலையைப் பார்த்து யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"யாருக்கு அம்மை? மறைச்சா எல்லாரையும் வண்டியிலே ஏத்துவேன்" என்றார்.

அவர் உள்ளே நுழைந்து பின்னறைப் பக்கம் இரண்டடி வைத்தார். அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "யாருக்குன்னு அய்யாவாண்ட சொல்லுடி. நீதான பார்த்துக்கினு இருந்தே!"

நான் ஓவென்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மொதல்ல துன்னவே இல்ல அய்யா. அப்பால மூலைல போயி நின்னுக்கினு இருந்துச்சு. கல்லுல ஒரசிக்கினே இருந்துச்சு. வால்ல ரெண்டு புள்ளி, அப்பால மேலெல்லாம். ஒண்ணு செத்துப் பூடுச்சு. மிச்சத்த இட்டுக்கினு பூடாதீங்க அய்யா. எங்கப்பாவுக்கு வேல பூடும்!"

அவர் கால் நின்றது. யார் செத்தது என்று அதட்டலாகக் கேட்டார். நான் தொட்டியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். மூன்று மீன்கள் வேப்பிலைக்கு நடுவே அவரைத் திருப்பிப் பார்த்தன. சேவகன்தான் முதலில் சிரித்தான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். "மீனுக்கு ஆத்தா! இதை ஆபீசிலே சொன்னா எவனும் நம்ப மாட்டான்" என்றபடியே வாசல் இறங்கிப் போனார். தெருக்கோடி வரை அந்தச் சிரிப்புக் கேட்டது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். செத்த மீனுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அத்தை எனக்கு ஒரு பெரிய வெல்லக்கட்டி கொடுத்தாள். மீனைச் சாகவிட்டதற்கு வெல்லமா என்று புரியாமல் தின்றேன்.

மற்ற மூன்றின் மேலும் வந்திருந்த புள்ளிகள் மெல்ல உதிர்ந்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்று அண்டா வெயிலில் வைத்தாள். தண்ணீரிலேயே கிடக்கிற மூன்று மீனுக்குத் தலைக்கு ஊற்ற மூன்று அண்டா எதற்கு என்று கேட்டதற்கு, வாயை மூடச் சொன்னார்கள். பாம்பும் அந்த வாரத்திலேயே எப்படியோ போய்விட்டதாம். துரைசானி திரும்பி வந்ததும் தொட்டியைப் பார்த்து "குட், குட்" என்றாளே தவிர எண்ணிப் பார்க்கவில்லை. அப்பாவின் சீட்டு கிழியவில்லை.

அக்கா நெட்டுக்குப்பத்திலிருந்து வந்துவிட்டாள் என்றார்கள். ஓடினேன். முகமெல்லாம் குழி குழியாக இருந்தது. பாதி மயிர் கொட்டியிருந்தது. நான் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் ஆத்தா கோபித்துக்கொண்டு, மீனை விட்டு அவ்வளவு தூரம் போய் அக்காவைப் பிடித்திருக்கிறாள். வேறு எப்படி வந்திருக்கும்?

"என் மீனாலதான்கா உனுக்கு வந்துச்சு" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் என்னைத் தூக்கி நிறுத்தினாள். "போடி பைத்தியம். அன்னிக்கு அந்தாளாண்ட நீ அழுத பாரு, அதுனாலதான் நான் தப்பிச்சேன். வாய்ல துணிய அடைச்சிக்கினு கேட்டுக்கினே படுத்திருந்தேன்."

நெட்டுக்குப்பம் எங்கே, ராயபுரம் எங்கே? நான் எவ்வளவு கத்தி அழுதிருந்தாலும் அங்கே கேட்டிருக்காது. அக்காவுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை, அதில் எதையோ உளறுகிறாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.